வைஃபை வருகிறது, லேன் போர்ட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை: ரவுட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதம் இதுதான். ராத்திரி நல்ல இடி மின்னல். காலையில் எழுந்து பார்த்தால் வைஃபை வழக்கம்போல ஓடுகிறது, இன்டர்நெட்டும் வருகிறது. ஆனால் ரவுட்டரின் பின்னால் இருக்கும் நான்கு லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளின் நெட்வொர்க் கேபிளைச் செருகும் வாய்கள்), மாடிக் கேமராவைச் செருகியிருந்த முதல் போர்ட்டிலும் டிவியைச் செருகியிருந்த இரண்டாவதிலும் விளக்கே எரியவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் மூன்றாவதில் விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட மாட்டேன் என்கிறது. லேப்டாப்பைச் செருகிய நான்காவது மட்டும் ஒழுங்காக 1000 காட்டுகிறது. இரண்டு முறை ரீசெட் அடித்தும் பலனில்லை, புதிது வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள், இன்றைக்கு வேண்டாம். முதல் இரண்டு போர்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை மறைக்கவில்லை. ஆனால் மூன்றாவதின் கதை வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதற்கும் இடிக்கும் சம்பந்தமே இல்லாமல் கூட இருக்கலாம். இரண்டு போர்ட் போனதாலேயே ஒரு ரவுட்டர் குப்பைக்குப் போகவும் வேண்டியதில்லை.

ரீசெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். போர்ட்டில் எரியும் அந்தச் சின்ன விளக்கு, கேபிளின் இரண்டு முனையிலும் இருக்கும் சிப்புகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஐபி முகவரி, பாஸ்வேர்ட், இன்டர்நெட் கணக்கு எல்லாம் அதற்கு மேலே நடக்கிற சமாசாரம். வேலை செய்கிற ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் நல்ல கேபிளால் இணைத்தால், செட்டிங் எவ்வளவு கந்தலாக இருந்தாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். ஆகவே விளக்கு எரியாத போர்ட்டுக்கு ரீசெட் மருந்தே இல்லை. அங்கே சந்தேகப்பட வேண்டியது கேபிள், போர்ட்டின் பின்கள், உள்ளே இருக்கும் சிப், அதற்குப் போகிற கரண்ட் என்ற நான்கைத்தான். விளக்கு எரிந்தும் நெட் வரவில்லை என்றால்தான் செட்டிங் பக்கம் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில ரவுட்டர்களிலும், இன்டர்நெட் நிறுவனம் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகளிலும் ஒரு போர்ட்டை மென்பொருளிலேயே அணைத்து வைக்க முடியும். சொந்த ரவுட்டர் என்றால் ரீசெட் அடித்ததும் அது திரும்பியிருக்கும், உங்களுக்குத் திரும்பவில்லை. நிறுவனம் கொடுத்த பெட்டியாக இருந்தால் தயவுசெய்து இனிமேல் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். லைனுக்கான யூசர்நேம், பாஸ்வேர்ட், வீலேன் எண் (ஒரே கம்பியில் ஓடும் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) எல்லாம் அதில்தான் இருக்கும்; அது அழிந்தால் இப்போது வருகிற இன்டர்நெட்டும் நின்றுவிடும், அப்புறம் அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இடி விழுந்து இரண்டு போர்ட் போனால் மீதி எல்லாம் எப்படிப் பிழைத்திருக்கிறது என்று தோன்றலாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு முக்கிய சிப், பக்கத்திலேயே அல்லது அதற்குள்ளேயே ஒரு ஐந்து போர்ட் ஸ்விட்ச், அதாவது ஒரு கேபிளில் வரும் தரவை உரிய கேபிளுக்கு அனுப்பிவைக்கும் பகுதி. வெளி இணைப்பு வந்து சேருகிற, வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் போர்ட் கூடப் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் இதே ஸ்விட்ச்சின் ஐந்தாவது வாய்தான். வீலேன் என்ற பிரிவினையால் தனியாக்கி வைத்திருப்பார்கள். வைஃபைக்கான ரேடியோ அதன் வழியில் தனி. ஸ்விட்ச்சின் ஒவ்வொரு வாய்க்கும் கேபிளோடு பேசுகிற சுற்று தனித்தனியாக இருக்கிறது, அதற்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். ஈத்தர்நெட் என்கிற கேபிள் நெட்வொர்க்கின் தரவிதிப்படி அது 1500 வோல்ட் வரை தாங்கியாக வேண்டும். மின்னல் நேரே விழ வேண்டியதே இல்லை, பக்கத்தில் எங்கோ வெட்டினாலே நீளமான கேபிளில் அதைவிட அதிகமாகத் தூண்டப்பட்டுவிடும். எந்தக் கேபிள் வழியாக வந்ததோ அந்த வாயைச் சுட்டுவிட்டு அங்கேயே அடங்கிப்போவதுதான் நிறைய நடக்கிறது. மாடிக்குப் போன கேபிள் உங்கள் முதல் போர்ட்டில் இருந்தது என்பதைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் அங்கேதான் போனது.

சரி, சோதனைக்கு வருவோம். நீங்கள் ஒரு போர்ட்டில் கேமரா, இன்னொன்றில் டிவி என்று வைத்துக்கொண்டு எது வேலை செய்யவில்லை என்று பார்த்திருக்கிறீர்கள். அது சோதனை ஆகாது. நான்கு போர்ட், நான்கு கேபிள், நான்கு கருவி என்றால் குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்? எல்லாக் கேபிளையும் பிடுங்குங்கள், எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு. இப்போது ஒரே ஒரு கேபிள், ஒன்றிரண்டு மீட்டருக்குள் குட்டையாக, நான்காவது போர்ட்டில் 1000 காட்டியது என்று உறுதியாகத் தெரிந்த கேபிள். கருவியும் அங்கே வேலை செய்த அதே லேப்டாப். முதல் போர்ட்டில் "க்ளிக்" என்று சத்தம் வரும்வரை செருகிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவசரப்படாதீர்கள், வேகத்தைப் பேசி முடிக்க இரண்டு மூன்று வினாடி ஆகும். விளக்கைப் பாருங்கள், லேப்டாப்பில் என்ன வேகம் காட்டுகிறது என்று பாருங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதைக் கடைசியில் மறுபடி பார்க்கச் சொல்வது சும்மா இல்லை, நடுவில் கேபிளே மக்கர் செய்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரே இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. வேறு எதுவும் செருகாமல், அதே குட்டைக் கேபிளின் ஒரு முனையை நான்காவது போர்ட்டிலும் மறு முனையை முதல் போர்ட்டிலும் செருகுங்கள். இரண்டும் உயிரோடு இருந்தால் இரண்டு விளக்கும் எரியும். இந்தக் காலத்து போர்ட்கள் எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதைத் தாமே மாற்றிக்கொள்ளும், அதனால் தனி கிராஸ் கேபிள் தேவையில்லை. நான்காவது நல்லது என்று தெரியும், ஆக இரண்டும் இருட்டாக இருந்தால் முதல் போர்ட்டின் மேல் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் விளக்கைப் பார்த்த உடனே பிடுங்கிவிடுங்கள். ரவுட்டரின் வாலை அதன் வாயிலேயே கொடுத்த மாதிரி இது. தரவுத் துண்டுகள் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்ச நேரத்தில் வைஃபை உட்பட எல்லாம் திணறி நின்றுவிடும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்த மாதிரி மினுக்கி, எதுவும் வேலை செய்யாமல் போன வீடுகளில், இப்படி ஒரு கேபிளை யாரோ தெரியாமல் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டுப் போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 100 எம்பிபிஎஸ் போர்ட். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. வழக்கமான வரிசையில் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. 100 வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000 வேண்டுமென்றால் நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் போதும், இரண்டு பக்கமும் "1000-இல் பேசலாம்" என்று ஒப்புக்கொண்டு, முயன்று, தோற்று, கடைசியில் 100-க்கு இறங்கிவிடும். கவனித்துப் பாருங்கள், செருகியதும் விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து அப்புறம்தான் நிலைக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கதைதான். பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி கேபிள், அதிலும் முனையில் அடித்த கிளிப்பு. நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கிய கேபிள், கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், செம்பு என்று சொல்லி அலுமினியத்தில் செம்பு முலாம் பூசி விற்கிற கேபிள் எல்லாம் இதே ரகம். குட்டைக் கேபிளில் மூன்றாவது போர்ட் 1000 காட்டிவிட்டால் ரவுட்டருக்கு நற்சான்று கொடுத்துவிட்டு கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளை மாற்றுங்கள்.

இன்னொன்று, கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டின் அமைப்புக்குள் போய் வேகத்தை யாராவது 100 என்று கட்டிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது எப்போதும் ஆட்டோவில்தான் இருக்க வேண்டும். பக்கத்திலேயே மின்சாரம் சேமிக்கிற ஈஈஈ என்றோ கிரீன் ஈத்தர்நெட் என்றோ ஒன்று இருக்கும். 2010-இல் வந்த தரவிதி அது, நல்ல எண்ணத்தில் வந்ததுதான், ஆனால் சில சிப்புகளுக்குள் ஒத்துப்போகாமல் லிங்க் அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். அணைத்துவிட்டுப் பாருங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

குட்டைக் கேபிளிலும் மூன்றாவது 100-தான் என்றால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் கரண்டை எடுத்துவிட்டு, பெட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒளியைச் சாய்வாக விடுங்கள். எட்டுப் பின்னும் சீப்பின் பல் மாதிரி ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே அமுங்கியிருந்தாலோ, பக்கத்துப் பின்னின் மேல் ஏறிப் படுத்திருந்தாலோ அதுதான் காரணம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தொலைபேசியின் சின்னப் பிளக்கை இந்த ஓட்டையில் செருகினால் ஓரத்துப் பின் நசுங்கலாம், ஓரத்துப் பின் ஒன்று பழுப்பு ஜோடியுடையது. பல்குச்சியால் மெதுவாகத் தூக்கி நேராக்கலாம். பச்சையாகப் பூத்திருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிகிறது என்றால் உள்ளே சாலிடர் விட்டிருக்கும். யாரோ கேபிளில் கால் தடுக்கியிருப்பார்கள். இது ஒன்றுதான் உண்மையிலேயே சுலபமாக ரிப்பேர் ஆகிற பழுது, சாலிடரிங் கைவந்த யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

இதோடு அடாப்டரையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரு ரவுட்டரில் இரண்டு கேபிள் வரை எல்லாம் சுகம், மூன்றாவதைச் செருகியதும் எல்லா லேன் விளக்கும் ஒரு கணம் அணைந்து திரும்ப எரியும். போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டி மூன்றாவது போர்ட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். பிறகு இரண்டாவதும் அதே மாதிரி ஆனபோது அதிலும் டேப். கடைசியில் பெட்டியையே அலமாரியில் தூக்கிப் போட்டேன். ஒரு வருடம் கழித்து வேறு காரியத்துக்காக எடுத்து, பழைய அடாப்டரைக் காணாமல் வேறொன்றில் மாட்டினால், நான்கு போர்ட்டும் ஜம்மென்று எரிகிறது! பழைய அடாப்டரின் உள்ளே இருக்கும் கண்டென்சர் வயதாகித் தளர்ந்திருந்திருக்கிறது. சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும், சுமை ஏறியதும் சரிந்துவிடும். எனவே அடாப்டரை மாற்றிப் பார்க்காமல் போர்ட்டுக்குச் சாவுச் சான்றிதழ் எழுதாதீர்கள். மாற்றும்போது வோல்ட் அச்சு அசலாக அதே இருக்க வேண்டும், ஆம்ப் அதே அல்லது கூடுதலாக இருக்கலாம், பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று இரண்டிலும் போட்டிருக்கும் படத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. அடாப்டரைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், ரவுட்டருக்குள் இருப்பது சின்ன வோல்ட், அடாப்டருக்குள் இருப்பது வீட்டு மெயின் கரண்ட்.

அடாப்டரை எடுத்த கையோடு இன்னொரு வேலை. எல்லா நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு ரவுட்டரை ஒரு பத்து நிமிடம் அநாதையாக விட்டுவிடுங்கள். மின் அதிர்ச்சியில் சில சமயம் சிப் சாகாமல், ஒரு நிலையில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். மென்பொருள் வழியாக ரீஸ்டார்ட் செய்தால் போதாது, கரண்ட் முழுக்கப் போய்த் திரும்பினால்தான் விடுபடும். உங்கள் இரண்டு போர்ட்டும் இதில் எழுந்து வரும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் செலவில்லாத வைத்தியத்தை ஏன் விட வேண்டும்?

கேமரா பற்றி ஒரு கேள்வி, இதை நீங்கள் எழுதவில்லை. அதற்குக் கரண்ட் எப்படிப் போகிறது, தனி அடாப்டரா, இல்லை நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டை ஏற்றுகிற இன்ஜெக்டர் பெட்டியா? இன்ஜெக்டர் என்றால் அதில் இரண்டு வாய் இருக்கும், ஒன்று ரவுட்டருக்கு, ஒன்று கேமராவுக்கு. 2003-இல் வந்த தரவிதிப்படி செய்தவை எதிரில் இருப்பது கரண்ட் வாங்குகிற கருவிதானா என்று சின்னதாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கரண்டை விடும். மலிவான பாசிவ் ரகங்கள் எதையும் கேட்காது, நீலத்திலும் பழுப்பிலும் 24-ஓ 48-ஓ வோல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடும். இருட்டில் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகும்போது வாய் மாறிப்போய் ரவுட்டர் பக்கம் கரண்ட் போயிருந்தால் போர்ட் கருகுவதற்கு இடியே தேவையில்லை. அன்றைக்கு ராத்திரி யாராவது அவசரத்தில் பிடுங்கிச் செருகினார்களா என்று விசாரியுங்கள். இதைச் சரி செய்யாமல் அந்தக் கேபிளை நான்காவது போர்ட்டில் செருகினால் அதையும் இழப்பீர்கள்.

மல்டிமீட்டர் வைத்திருந்தால் போர்ட்டின் மரணத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம், இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு பழைய கேபிளின் ஒரு முனையை வெட்டி எட்டுக் கம்பியையும் தோல் உரித்துப் பிரித்து வையுங்கள். ரவுட்டரில் கரண்ட் இல்லை, வேறு கேபிள் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நல்ல முனையை நான்காவது போர்ட்டில் செருகி, ஒவ்வொரு நிற ஜோடிக்கும் ஓம் அளவு எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் வழியாகப் போவதால் ஒன்றிரண்டு ஓம் போலச் சின்னதாகவே காட்டும். அதே அளவை முதல் போர்ட்டில் எடுங்கள். ஏதோ ஒரு ஜோடியில் மீட்டர் அசையவே இல்லை என்றால் சுருள் எரிந்து அறுந்திருக்கிறது. இரண்டு போர்ட்டிலும் ஒரே மாதிரி வந்தால் அடி சுருளைத் தாண்டி சிப்பில் விழுந்திருக்கிறது. சில மலிவுப் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் கண்டென்சர் வைத்திருப்பார்கள், அதனால் எண்ணைப் பார்க்காதீர்கள், நல்ல போர்ட்டோடு ஒப்பிட்டு மட்டும் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் நெட் வராத கதை உங்களுடையது இல்லை. ஆனாலும் இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்காக இரண்டு வரி. கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்குகிற முகவரியைக் காட்டினால், கேபிள் சரி, ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். கையால் ஒரு முகவரி கொடுத்து (ரவுட்டர் 192.168.1.1 என்றால், வேறு யாரும் எடுக்காத 192.168.1.50 போல) ரவுட்டரின் பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் டிஹெச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் வசதி) பக்கம் கோளாறு. திறக்காவிட்டால் அந்தப் போர்ட்டை ஐபிடிவிக்கு (நெட் லைன் வழியாக வரும் டிவி) என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களா, தனி வீலேனில் போட்டிருக்கிறார்களா, இரண்டு போர்ட்டை ஒன்றாகக் கட்டுகிற லிங்க் அக்ரிகேஷன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். நான்கு போர்ட்டில் ஒன்று மட்டும் நெட் தராமல் இருப்பதற்கு அந்த ஐபிடிவி அமைப்புதான் பெரும்பாலும் காரணம்.

இத்தனையும் செய்து முதல் இரண்டும் செத்தது செத்ததுதான் என்று ஆகிவிட்டால் ரிப்பேர் செய்யலாமா? சுருள் மட்டும் போயிருந்தால் மாற்றலாம், ஸ்விட்ச் சிப் தனியாக இருக்கிற பலகை என்றால் அதையும் சூடான காற்றில் கழற்றி மாற்றுகிற கைகள் உண்டு. ஆனால் நிறையப் பெட்டிகளில் போர்ட்டோடு பேசும் சுற்று முக்கிய சிப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கும். அதைத் தொடுவது என்பது ரவுட்டரின் மூளையையே மாற்றுவது. வீட்டு ரவுட்டருக்கு அந்த உழைப்பு தகாது என்பது என் கருத்து. கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்கிறீர்கள் என்றால் அது வேறு.

அதற்குப் பதில் ஒரு ஐந்து போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச் தனிப் பெட்டியாக வாங்குங்கள். செட்டிங் எதுவும் இல்லாத சாதாரண ரகம் போதும். நான்காவது போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் அதற்கு, அதிலிருந்து டிவி, கம்ப்யூட்டர், கேமரா எல்லாம். செருகினால் முடிந்தது. எல்லாம் ஒரே 1000 எம்பிபிஎஸ் குழாயைப் பங்கிட்டுக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரும் டிவியும் தங்களுக்குள் பேசுவது ஸ்விட்ச்சுக்குள்ளேயே நடந்துவிடும், வெளியே போவது மட்டும்தான் அந்தக் கேபிளில். உங்கள் இன்டர்நெட் வேகமே 1000-க்குள் இருக்கும்போது வித்தியாசம் எதுவும் தெரியாது. இன்னொரு லாபமும் இருக்கிறது. அடுத்த முறை கேபிள் வழியாக ஏதாவது வந்தால் முதலில் அடிவாங்குவது ஸ்விட்ச். ரவுட்டர் தப்பும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் வாய்ப்பு கூடுகிறது.

வேன் போர்ட் போய் லேன் போர்ட் நன்றாக இருக்கிற வீடுகளும் உண்டு. அங்கே சில ரவுட்டர்களின் அமைப்பிலேயே ஒரு லேன் போர்ட்டை வேனாக மாற்றும் வசதி இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற மாடல் என்றால் எந்த வாய் எந்த வேலை என்பதை நாமே எழுதிக்கொள்ளலாம், முன்பு சொன்னேனே, உள்ளே எல்லாம் ஒரே ஸ்விட்ச்தான் என்று, அது இங்கே கைகொடுக்கிறது. அதுவும் முடியாவிட்டால் புது ரவுட்டர் முன்னால், பழையது அதன் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு லேன் போர்ட் வழியாகப் பின்னால், வைஃபை எட்டாத அறைக்கு ஆக்சஸ் பாயின்ட்டாக.

உங்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பயப்படுவது வேறொன்றுக்கு. மின் அதிர்ச்சி வாங்கிய சிப் உடனே சாகாமல் காயத்தோடு ஓடி, பிறகு ஒரு நாள் நிற்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள், ஒரு மணி நேரம் நெட் இல்லாவிட்டாலும் சிக்கல் என்றால், ஒரு மாற்று ரவுட்டரைக் கையில் வைத்திருங்கள், அவசரமில்லாமல் பார்த்து வாங்கலாம். வேன் போர்ட்டிலிருந்து போகும் கேபிளின் அந்தப் பக்கத்துப் பெட்டி, டிவியின் போர்ட், கேமராவின் போர்ட் இவற்றையும் லேப்டாப் வைத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். இடி ரவுட்டரோடு நின்றிருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டாவது போர்ட் போனதற்குக் காரணம் டிவியாகவே இருக்கலாம், அதில் வேறு கேபிள் ஏதாவது வெளியிலிருந்து வருகிறதென்றால் அந்த வழியாக உள்ளே வந்து, நெட்வொர்க் கேபிள் வழியாக ரவுட்டரைத் தொட்டிருக்கும்.

அடுத்த முறை இடி கேட்டால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பவர் ஸ்ட்ரிப் காப்பது கரண்ட் வழியை மட்டும்தான், மாடிக் கேபிள் திறந்த வாசல். அதையும் பிடுங்க வேண்டும். நெட்வொர்க் கேபிளுக்கான சர்ஜ் பெட்டி கிடைக்கிறது, ஆனால் அதன் எர்த் வயரை ஒழுங்காக எர்த்தில் சேர்க்காவிட்டால் அது வெறும் அலங்காரம். மாடிக் கேமராவை வைஃபைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள்தான் வேண்டும், அதுவும் இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது என்றால் நடுவில் ஃபைபர் போடுவதுதான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, உலோகக் கம்பி சேர்க்காத ரகமாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இன்றைக்கு ராத்திரி இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். அடாப்டரை மாற்றி, பத்து நிமிட ஓய்வு கொடுத்த பிறகு குட்டைக் கேபிளால் நான்காவது போர்ட்டை முதலாவதோடும், பிறகு இரண்டாவதோடும் இணைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்ததும் பிடுங்கிவிடுங்கள், மூன்றாவதை லேப்டாப்பில் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது 1000 காட்டினால் வாங்க வேண்டியது ஒரு ஸ்விட்ச், ஒரு கேபிள். காட்டாவிட்டாலும் பின்களைப் பார்த்த பிறகு, ஒரு ஸ்விட்ச் மட்டும். கேமராக் கேபிளை மட்டும் இன்ஜெக்டர் கேள்விக்குப் பதில் தெரியும்வரை எதிலும் செருகாதீர்கள்.